பாலைநிலப் புற்றரைகளும் மந்தை மேய்ச்சலும்

நெல்லும் காய்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் மாடும் வளர்க்கின்றனர். அறுவடை முடிந்த வயலில் அரிதாளை மேயவிட்டும், நீர் வற்றிய குளத்தின் உட்புறத்திலும் வீதியோரங்களிலும் கட்டியும் மாடுகளைக் காப்பது வழக்கம். இவ்விடங்களில் வளரும் புல்லை எவரும் விதைப்பதில்லை, அதற்கு எருவிடுவதுமில்லை. ஆகவே அதுவும் ஒரு பயிர் என்ற எண்ணம் பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும் புல் ஒரு பயிரே. அதனை அறுவடை செய்வது மாட்டின் வாய். அறுவடையின் காலமும் அளவும் தவறினால் எப்பயிருக்கும் நேரும் கேடு அதற்கும் நேரும். வேறுபாடு யாதெனில், நெல் ஒரு போகத்தில் அழிந்தால் அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். சில புற்களோ ஒருமுறை அழிந்தால் ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் மீள்வதில்லை.

புற்றரை அழிந்த வரலாறு ஆண்டுக்கணக்கோடும் அளவுக்கணக்கோடும் எழுதிவைக்கப்பட்ட இடங்கள் உலகிற் சிலவே. அவற்றுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிக்கோ மாநிலத்திலுள்ள ஹோர்னாடாச் சமவெளியாகும். அங்கே புல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்ட முட்செடியின் நெருங்கிய இனமொன்று இலங்கையின் வரண்ட கரையோரத்திலும் பரவியுள்ளது. ஆதலால் அவ்வரலாற்றை இந்நாட்டுக் கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

நிலத்தின் இயல்பு

ஹோர்னாடாச் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மலைத்தொடர்களுக்கு இடையே கிடக்கின்றது. ஓராண்டின் சராசரி மழை 10 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. இலங்கையின் மிக வரண்ட பகுதிகளான மன்னாரும் அம்பாந்தோட்டையும் பெறும் மழையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கே அது. அதிலும் பாதிக்கு மேற்பட்ட மழை யூலை, ஓகத்து, செத்தெம்பர் என்னும் மூன்று மாதங்களில் இடிமழையாகப் பெய்துவிடும். அங்கு கோடையே மழைக்காலம். புல் வளர்வதும் அம்மூன்று மாதங்களில்தான். மற்றைய மாதங்களில் மாடுகள் உண்பது காய்ந்து நிற்கும் புல்லையே.

இச்சமவெளியில் ஆறு இல்லை. மேற்கே ரியோ கிராண்டே ஆறு ஓடினும் இடையிலுள்ள குன்றுகள் அதனை அணுகவிடா. ஏறத்தாழ 90 மைல் நீரின்றி நடக்கவேண்டிய இவ்வழிக்கு, இறந்தவனின் பயணம் என்னும் பொருள்பட ஹோர்னாடா தெல் முவெர்த்தோ என்று ஸ்பானியர் பெயரிட்டனர். நீர் இல்லாமையே புல்லுக்குக் காவலாயிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1598ஆம் ஆண்டிலேயே ஸ்பானியர் நியூ மெக்சிக்கோவிற்கு ஆடுமாடுகளைக் கொண்டுவந்தனராயினும், அவை ஆற்றோரத்தை விட்டு நெடுந்தூரம் சென்று மேய இயலவில்லை.

நில அளவையாளரின் குறிப்பேடுகள்

1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இந்நாடு ஐக்கிய அமெரிக்காவின் வசமாயிற்று. பின்னர் அரசாங்க நில அளவையாளர் 1858ஆம் ஆண்டில் ஹோர்னாடாவை மைல் மைலாக அளந்து எல்லை முளைகளை நாட்டினர். அவர்கள் தாவரநூல் வல்லுநர் அல்லர். எனினும், ஒவ்வொரு மைலிலும் மண் எத்தகையது, புல் நன்றா தீதா, பற்றை உண்டா என்பவற்றை எழுதிவைத்தல் அவர்தம் கடமையாயிருந்தது. நிலத்தை விற்பதற்காக எழுதப்பட்ட அக்குறிப்பேடுகள், நூறாண்டு கழிந்தபின் விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தற்கரிய சான்றாயின.

லீ பஃபிங்டன், கார்ல்டன் ஹெர்பெல் என்னும் இருவர் அக்குறிப்புகளைப் பிற்காலத் தாவரப் படங்களோடும், 1963ஆம் ஆண்டின் நிலையோடும் ஒப்பிட்டு, முடிவை 1965இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த நிலம் 1,44,475 ஏக்கர். 1858இல் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கும் மேற்பட்ட இடத்தில் நல்ல புல் நின்றது. 1963இல் நல்ல புல் நின்ற இடம் நூற்றுக்கு இருபத்தைந்திற்கும் குறைவு. 1858இல் நிலத்தின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் பற்றையே இல்லை; 1963இலோ பற்றையில்லாத இடம் எனச் சுட்டிக்காட்ட ஓரிடமும் இருக்கவில்லை. மணற்பாங்கான நிலத்தில் மெஸ்கீற்று என்னும் முட்செடியும், பருக்கைக்கல் நிறைந்த சரிவுகளில் கிரியோசோற்றுச் செடியும் புல்லின் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டன.

இடையில் நடந்தது யாது? 1880ஆம் ஆண்டையொட்டி இருப்புப்பாதை வந்தது. அதனோடு தொலைவிலுள்ள இறைச்சிச் சந்தைகள் அருகிலாயின. ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டு, காற்றாலைகளால் நீர் இறைக்கப்பட்டது. நீரின்மையாற் காக்கப்பட்ட புல்லுக்கு அன்றே காவல் நீங்கிற்று. நிலமோ பொதுநிலம். ஒருவர் தம் மந்தையை விலக்கிப் புல்லுக்கு ஓய்வளித்தால், அடுத்தவரின் மந்தை அப்புல்லைத் தின்றுவிடும். ஆகவே ஓய்வளிப்பவரே நட்டமடைபவர். அறிவில்லாமையால் அன்று, முறையில்லாமையால் ஒவ்வொருவரும் மாட்டைப் பெருக்கினர். அயலிலுள்ள அரிசோனா மாநிலத்தில் 1891 முதல் 1893 வரை மழை பொய்த்தபோது, அதன் தென்பகுதி மந்தைகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை பட்டினியாலும் தாகத்தாலும் மடிந்ததாக அக்காலத்தவர் மதிப்பிட்டனர். பொது மேய்ச்சல் நிலத்தில் இத்தனை மாடே மேயலாம் என வரையறுத்து அனுமதி வழங்கும் டெயிலர் மேய்ச்சற் சட்டம் 1934ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது.

அவ்வழிவைக் கண்டபின்னரே ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றின. அரிசோனாவில், ரூசான் நகருக்குத் தெற்கே சாந்தா ரீத்தா மேய்ச்சல் ஆராய்ச்சி நிலம் 1903இல் நிறுவப்பட்டது. ஹோர்னாடா ஆராய்ச்சி நிலம் 1912இல் ஏற்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 1,93,000 ஏக்கர். இரண்டிலும் ஆராய்ச்சி இன்றளவும் நடைபெறுகின்றது.

கறுப்புக் கிராமாப் புல்

ஹோர்னாடாவின் மணல் நிலங்களிற் சிறந்து விளங்கியது கறுப்புக் கிராமா என்னும் புல். அது பல்லாண்டு வாழ்வது. குளிர்காலத்திலும் அதன் தண்டின் அடிப்பகுதி பச்சையாகவும் சத்துள்ளதாகவும் இருக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் மாட்டுக்கு உணவாகும். அதன் சிறப்பே அதன் கேட்டிற்கும் காரணமாயிற்று. எக்காலத்தும் மாடு அதையே தேடித் தின்றது.

இப்புல் விதையாற் பெருகுவது மிக அரிது. நல்ல முளைத்திறனுள்ள விதை குறைவு. முளைத்த நாற்றும் பெரும்பாலும் மடிந்துபோகும். தூறிலிருந்து நிலத்தின்மேற் படரும் ஓடுதண்டுகளாலேயே அது பரவும். அத்தண்டு வேர்விட்டுத் தனிச்செடியாக இரண்டு கோடைகள் வேண்டும். முதற்கோடையில் மழை பெய்தால் தண்டு நீளும். அடுத்த கோடையிலும் மழை பெய்து, இடையில் மாடு அத்தண்டைக் கடித்தோ மிதித்தோ அழிக்காதிருந்தால், கணுவில் வேர் ஊன்றும். இரண்டிலொன்று தவறின் முயற்சி வீண். வல்லாரைக் கொடி படர்வதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். வல்லாரைக்கோ ஈரம் குறைவதில்லை, கறுப்புக் கிராமாவுக்கோ தொடர்ந்து இரண்டு நல்ல கோடைகள் கிடைத்தலே அரிது.

1915ஆம் ஆண்டு தொடக்கம் ஹோர்னாடாவில் சிறு சதுரங்கள் குறிக்கப்பட்டு, அவற்றினுள் நின்ற ஒவ்வொரு தூறும் ஆண்டுதோறும் அளந்து வரையப்பட்டது. 1920களில் வரட்சி வந்தபோது மாடு புகாத சதுரங்களிலும் புல் சுருங்கிற்று. அளவாக மேய்ந்த இடத்திற் சுருங்கிய புல், மழை வந்தபின் மேயாத இடத்துப் புல்லுக்கு இணையாகவே மீண்டது. மிகையாக மேய்ந்த இடத்திலோ மீள்வதற்குத் தூறே எஞ்சவில்லை. புல் அழிந்தது வரட்சியாலா, மாட்டாலா என்று நெடுங்காலம் வழக்காடியோர் உண்டு. இச்சதுரங்களைப் பார்க்குமிடத்து, அவ்வழக்குப் பொருளற்றதென்றே தோன்றுகின்றது. வரட்சி எல்லாப் புல்லையும் தாக்கியது. தாக்குண்ட புல் மீண்டும் எழுமா என்பதைத் தீர்மானித்தது மாட்டின் தொகை. முன்னையது மனிதன் கையில் இல்லை, பின்னையது உண்டு.

1951 முதல் 1956 வரை நிகழ்ந்த வரட்சி இன்னும் கொடியது. அப்போது மண்ணின் வேற்றுமையும் வெளிப்பட்டது. மேல்மண்ணுக்குக் கீழே ஆழமின்றிச் சுண்ணாம்புக்கற் படை இருந்த நிலங்களிற் புல் ஓரளவு தப்பியது. ஆழமான மணலிலோ அது முற்றாக அழிந்தது. ஒரே புல், ஒரே வரட்சி. கீழேயுள்ள மண்ணே விதியை வேறாக்கிற்று.

மெஸ்கீற்று பரவிய விதம்

மெஸ்கீற்று புதிதாக வந்த செடியன்று. 1858இலும் ஆங்காங்கே நின்றது. அதன் காய் இனிப்புள்ளது. மாடு விரும்பித் தின்னும். விதை மிகக் கடினமாதலால் வயிற்றிற் செரிக்காது சாணத்தோடு வெளிப்படும். விதைத்தோல் இளகியும், சுற்றிலும் ஈரமும் எருவும் சேர்ந்தும், மனிதன் நாற்றுமேடையிட்டாற்போல அது முளைக்க வாய்ப்புண்டாகின்றது. முன்பு மரத்தடியில் வீழ்ந்து கிடந்த விதையை மந்தைகள் மைற்கணக்கிற் சுமந்து சென்று விதைத்தன. அங்குள்ள ஒருவகைப் பாலை எலிகளும் விதைகளைக் கொண்டுபோய் மண்ணிற் புதைத்து வைப்பன, மறந்துவிடப்பட்டவை முளைக்கும்.

அடர்ந்த புல்லினிடையே முளைக்கும் மெஸ்கீற்று நாற்று, மேல்மண்ணின் நீருக்குப் புல்லோடு போராடவேண்டும். அன்றியும், காய்ந்த புல் நிறைந்த சமவெளிகளில் இடிமின்னலால் அவ்வப்போது தீப்பிடித்து இளஞ்செடிகள் கருகும். புல் குறைந்தபோது இவ்விரு தடைகளும் ஒருங்கே நீங்கின. தின்ன மாட்டுக்குப் புல் இல்லாதபோது எரியத் தீக்கும் புல் இல்லை. சாந்தா ரீத்தா நிலத்திற் பற்றை பெருகியதற்குத் தீ அற்றுப்போனதை ஒரு முக்கிய காரணமாகக் கொள்வர். ஹோர்னாடாவில் தீயின் பங்கு அத்துணைத் தெளிவாக இல்லை. வரட்சியில் எரிந்தால் கறுப்புக் கிராமாவும் கெடும்.

நாற்றுப் பருவத்தைக் கடந்த மெஸ்கீற்றை வரட்சி எளிதில் வெல்லாது. பக்கவேர்கள் மேல்மண்ணிற் பரவுவதோடு ஆணிவேர் ஆழம் நோக்கிச் செல்லும். ரூசான் நகருக்கு அருகே சுரங்கம் தோண்டிய இடத்தில் ஏறத்தாழ 175 அடி ஆழத்தில் மெஸ்கீற்று வேர் காணப்பட்டதாக 1963இல் அறிவிக்கப்பட்டது. நாற்பது, ஐம்பது அடிக் கிணறு தோண்டி நீர் காண்பவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

வேலியடைத்தும் மீளாத நிலம்

மாடு காரணமாகப் புல் அழிந்ததாயின், மாட்டை விலக்கிவிட்டாற் புல் மீளும் என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் ஹோர்னாடாவிற் சோதிக்கப்பட்டது. மெஸ்கீற்று புகுந்துகொண்டிருந்த இடத்தில் 1930களில் 640 ஏக்கர் நிலம் மாடும் முயலும் புகாவண்ணம் வேலியடைக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டில் அங்கு கறுப்புக் கிராமா இன்னும் சில பகுதிகளில் நின்றது. 1980இல் மீண்டும் அதே கோடுகளில் அளந்தபோது, வேலிக்கு வெளியே மட்டுமன்றி உள்ளேயும் அப்புல் அறவே மறைந்திருந்தது. மெஸ்கீற்று இரு பக்கமும் ஒருப்போல நின்றது. நாற்பத்தைந்து ஆண்டுகள் மாடே மிதியாத நிலம் அது.

இதற்குக் காரணம் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் உள்ளது. புல் நிறைந்த தரையில் மழைநீர் தூறுக்குத் தூறு தடைப்பட்டு, நின்று, எங்கும் ஊறும். புல் போய்த் தரை வெறுமையானால் மழைத்துளி மண்ணை அறைந்து இறுக்கும். நீர் ஊறாது ஓடும். காற்று, தடையின்றி வீசி, மெல்லிய வளமண்ணைத் தூக்கிச் செல்லும். ஓடிய நீரும் பறந்த மண்ணும் சருகும் செடிகளின் அடியிலே தங்கும். ஆகவே முன்பு நிலமெங்கும் பரவியிருந்த வளம் இப்போது பற்றைகளின் அடியில் மட்டும் திரளும். பற்றைக்குப் பற்றை இடையிலுள்ள நிலம் வரவர வறியதாகும். வறிய நிலத்திற் புல் முளையாது. புல் முளையாமையால் நிலம் மேலும் வறிதாகும். ஹோர்னாடாவில் மெஸ்கீற்றுப் பற்றைகளைச் சுற்றி மணல் குவிந்து ஆளுயரத்திற்கும் மேற்பட்ட மேடுகளாயின. இடையிலுள்ள தரை வெறும் பொட்டலாயிற்று. இச்சுழற்சியை வில்லியம் சிலெசிங்கரும் உடன் ஆராய்ச்சியாளரும் 1990இல் விளக்கினர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோதே பாலை உண்டாகும் என்பது பழந்தமிழ் நூலோர் கொள்கை. ஆயர் மந்தை மேய்த்த முல்லை திரிந்து பாலையாவது எவ்வாறு என்பதை ஹோர்னாடாவிற் படிப்படியாகக் காணலாம்.

ஆகவே, புற்றரைக்கு ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்புக்கு இப்பால் உள்ள நிலம் மாட்டைக் குறைத்தால் மீளும். அப்பாற் சென்ற நிலம் மாட்டைக் குறைத்தாலும் மீளாது. மேய்ச்சலை ஒழுங்குபடுத்துவதன் பயன் பெரும்பாலும் வரம்பைக் கடக்குமுன்னரே உண்டு. கண்ணுக்கு நிலம் ஓரளவு நன்றாகத் தோன்றும் காலத்திலேயே கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்வதால், அது எவருக்கும் உவப்பான அறிவுரையாக இருப்பதில்லை.

மாட்டின் தொகையைக் கணித்தல்

ஆயிரம் இறாத்தல் நிறையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 26 இறாத்தல் உலர்புல் தின்னும் எனக் கொள்வர். ஆண்டுக்கு அது 9,490 இறாத்தலாகும். கறுப்புக் கிராமாவில், அவ்வாண்டு வளர்ந்த புல்லின் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் மாடு தின்னுதல் ஆகாதென்பது ஹோர்னாடாவிற் கண்ட முடிவு. எஞ்சிய மூன்று பங்கும் வீண் அன்று. அது தூறுக்கு உணவு சேர்க்கும் இலை. மண்ணை மூடும் போர்வை. அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் அதுவே சேமிப்பு.

எடுத்துக்காட்டாக, ஓர் ஏக்கரில் 300 இறாத்தல் புல் விளையும் ஆண்டொன்றை எடுத்துக்கொள்வோமாயின், மாட்டுக்கு உரியது 120 இறாத்தல். ஆகவே ஒரு மாட்டுக்கு ஏறத்தாழ 79 ஏக்கர் வேண்டும். வரட்சி ஆண்டில் விளைவு 100 இறாத்தலாகக் குறைந்தால், ஒரு மாட்டுக்கு 237 ஏக்கர் வேண்டும். முதலாண்டில் 100 மாடுகளைத் தாங்கிய 7,900 ஏக்கர் நிலம் இரண்டாமாண்டில் 33 மாடுகளையே தாங்கும். மீதி 67 மாடுகளும் அந்நிலத்திலேயே நின்றால், அவை தின்பது அவ்வாண்டின் புல்லை அன்று, புல்லின் முதலையே.

மழை ஆண்டுக்காண்டு மாறுவது. மந்தையோ அவ்வாறு மாறுவதில்லை. நல்ல மழை பெய்த ஆண்டிற் கன்றுகளைப் பெருக்கி வைத்த மந்தைக்காரன், அடுத்து வரும் வரட்சியில் விற்க மனமின்றி, மழை நாளை வரும், நாளை வரும் என்று காத்திருப்பான். இறுதியில் எல்லோரும் ஒரே நாளில் விற்க வரும்போது விலை வீழ்ந்துவிடும். இது மழையின் குற்றமன்று. இதனைத் தவிர்க்க ஹோர்னாடாவிற் கூறப்பட்ட வழி எளியது. ஈனும் பசுக்களின் தொகையைச் சராசரி ஆண்டுக்கும் குறைவான விளைவையே கணக்கிற்கொண்டு வைத்தல் வேண்டும். நல்ல ஆண்டின் மிகுதிப் புல்லை, எளிதில் விற்கத்தக்க இளங்காளைகளையும் ஓராண்டுக் கன்றுகளையும் கொண்டு பயன்படுத்தலாம். கோடைமழை முடிந்தவுடன் புல்லை நோக்கி, வரும் கோடைவரை அது எத்தனை மாட்டுக்குப் போதும் எனக் கணித்து, மிகுதியை விலை வீழுமுன் விற்றுவிடலாம். நெற்களஞ்சியத்தில் உள்ளதை அளந்து, அடுத்த அறுவடைவரை நாட்களை எண்ணிப் பார்க்கும் குடும்பத்தலைவியின் கணக்கும் இதுவே.

காலமும் இடமும்

தொகை சரியானாலும் காலம் தவறினாற் பயனில்லை. ஹோர்னாடாவின் தாழ்ந்த களிநிலங்களில் தொபோசா என்னும் வேறொரு புல் வளர்கின்றது. மழைநீர் வந்து தேங்கும் அவ்விடங்களில் அது செழித்தெழும். பசுமையாயிருக்கும்போது மாடு அதனை உண்ணும். முற்றினால் வைக்கோலிலும் கடினமாகிவிடுவதால் அதனைத் தொடாது. கறுப்புக் கிராமாவோ முற்றிக் காய்ந்தபின்னும் சுவைகெடாதது. ஆகவே, மழைமாதங்களில் மாடுகளைத் தொபோசா நிலத்தில் மேயவிட்டால், இரு நன்மைகள் ஒருங்கே கிட்டும். வீணாகும் புல் உணவாகும். கறுப்புக் கிராமா தன் வளர்ச்சிக் காலத்தில் ஓய்வு பெற்று ஓடுதண்டை ஊன்றும். குளிர்காலத்தில் மாடுகள் மீண்டும் கறுப்புக் கிராமாவுக்கு வரும். அந்நிலத்திற் கண்டறிந்த முறைகளுள் மிகச் சிறந்தது இதுவெனலாம். புதுச்செலவு ஏதுமின்றி, இரண்டு புற்களின் இயல்பை அறிந்ததனால் மட்டுமே இது கைகூடிற்று.

சாந்தா ரீத்தாவிற் கிளார்க் மார்ட்டின் என்பவர் வகுத்த முறை சுற்றுமேய்ச்சலாகும். ஒரு மந்தைக்கு மூன்று புலங்கள். ஒவ்வொரு புலத்திற்கும் மூன்றாண்டுகளில் இரண்டு முறை மார்ச்சு முதல் ஒற்றோபர் வரை ஓய்வு கிடைக்கும். ஆயினும், ஏற்கெனவே நல்ல நிலையிலிருந்த நிலங்களில் இம்முறைக்கும், அளவான தொகையோடு ஆண்டு முழுவதும் மேயவிடும் முறைக்கும் பெரிய வேற்றுமை தோன்றவில்லை என்று 1988இல் வெளியான ஆய்வு கூறிற்று. சுற்றுமேய்ச்சலைச் சர்வரோக நிவாரணி போலக் கூறுவோர் இதனை மறத்தலாகாது. மிகையான மாடுகளைச் சுற்றிவிட்டாலும் அவை மிகையான மாடுகளே.

இடத்தைப் பற்றிய குறை வேறு. மாடு நீரைவிட்டு நெடுந்தூரம் செல்லாது. நீர்த்தொட்டியிலிருந்து ஒரு மைலுக்குள் உள்ள புல் ஒட்ட மேயப்பட்டு, இரண்டு மைலுக்கு அப்பாலுள்ள புல் ஏறக்குறைய தொடப்படாது நிற்கும். மொத்தக் கணக்கிற் புல் மிஞ்சியிருப்பதாகத் தோன்றும்; தொட்டியைச் சுற்றியோ பொட்டல் ஆண்டுக்காண்டு அகலும். ஆகவே தண்ணீரிடங்களைப் பல இடங்களில் அமைத்தல், உப்புக்கட்டியை நீரருகே வையாது மேயாத புல் நிற்கும் இடத்தில் வைத்தல் ஆகியன வழக்கிற்கு வந்தன. மாட்டின் இனமும் கருதப்படுகின்றது. மெக்சிக்கோவின் சிவாவா மலைநாட்டிலிருந்து 2005இல் கொண்டுவரப்பட்ட கிரியோல்லோ என்னும் சிறிய மாடுகள், பெருத்த ஐரோப்பிய இன மாடுகளைவிட அகன்று திரிந்து மேய்வனவாகக் காணப்பட்டன. வரண்ட நாட்டுக்குச் சிற்றின மாடே ஏற்றதென்பது ஊர்மாடு வளர்ப்போர்க்குப் புதிய செய்தியன்று.

பற்றையை அழிக்கும் முயற்சிகள்

வரம்பு கடந்த நிலங்களில் மெஸ்கீற்றை வேரோடு அழிக்கப் பெருமுயற்சிகள் நடந்தன. தோண்டினர், பொறிகளால் இழுத்தனர். 1950களிலும் 1960களிலும் விமானங்களிலிருந்து 2,4,5-ரீ என்னும் களைநாசினியைத் தெளித்தனர். இலை கருகினும் அடியிலுள்ள அரும்புகளிலிருந்து பல செடிகள் மீண்டும் தளிர்த்தன. அம்மருந்து, அதனோடு கலந்திருந்த நச்சுப்பொருளின் காரணமாக, ஐக்கிய அமெரிக்காவில் 1985இல் முற்றாக விலக்கப்பட்டது.

புல்லைப் புதிதாக விதைக்கும் முயற்சியும் நடந்தது. 1930களில் தென்னாபிரிக்காவிலிருந்து லேமன் என்னும் புல் தருவிக்கப்பட்டது. அது அரிசோனாவில் நன்கு பற்றிக்கொண்டது. பின்னர் விதையாத இடங்களிலும் பரவி, சாந்தா ரீத்தாவில் நாட்டுப்புற்களின் இடத்தையும் பிடித்தது. தரைக்குப் போர்வை கிடைத்தது. முன்பிருந்த பலவகைப் புல் கிடைக்கவில்லை. அண்மைக் காலத்தில் ஹோர்னாடாவில், பற்றைகளுக்கிடையே வெறுந்தரையில் சிறு வலைத்தடுப்புகளை நாட்டி, ஓடும் மண்ணையும் சருகையும் விதையையும் அங்கேயே தங்கவைக்கும் சோதனை நடைபெறுகின்றது. வயலுக்கு வரம்பு கட்டி நீரை நிறுத்துவோர் அதன் கருத்தை உடனே அறிவர். இம்முயற்சிகளுக்கிடையிலும் 1998ஆம் ஆண்டின் கணிப்பில், ஆராய்ச்சி நிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் மெஸ்கீற்றே முதன்மையாக நின்றது.

இலங்கையில் இதன் இனம்

தமிழ்நாட்டிற் சீமைக்கருவேல் எனப்படும் மரம் மெஸ்கீற்றின் இனத்தைச் சேர்ந்தது. தென், நடு அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தது. 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதியில் உவர்நிலத்தைத் திருத்தும் நோக்கத்தோடு அது நடப்பட்டது. இன்று புந்தல தேசியப் பூங்காவின் புற்றரைகளிலும் நீர்நிலை ஓரங்களிலும் அடர்ந்த முட்காடாகி, அவற்றைக் காப்போர்க்குப் பெருந்தொல்லையாக உள்ளது. அங்கும் அதன் காயைத் தின்று விதையைச் சாணத்தில் இட்டுப் பரப்புவனவற்றுள் மாடும் எருமையும் முக்கியமானவை.

இம்மரம் நிற்கும் பகுதிகளிலிருந்து மந்தையை வரவழைத்து வயலிற் பட்டியடைப்பவரும், அங்கிருந்து எரு வாங்கிக் காய்கறித் தோட்டத்திற்கு இடுபவரும் இதனைக் கவனித்தல் வேண்டும். காய் பழுத்து விழும் காலத்தில் அம்மந்தைகளைப் பட்டியடைப்பிக்காமல் விடுதல் நன்று. சாணத்தைப் பச்சையாக இடாது, குவித்து மூடி, சூடேறி நன்கு மக்கவிட்டு, இடையிற் புரட்டி, பின்னரே இடவேண்டும். சூடேறிய குவியலில் விதைகள் பெரும்பாலும் உயிரிழக்கும். பட்டி கிடந்த இடத்தையும் எரு இட்ட பாத்திகளையும் அடுத்த மழைக்குப்பின் சுற்றிப்பார்த்து, இருபுறமும் சிற்றிலைகளைக் கொண்ட முள்நாற்றுகளைக் கையாற் பிடுங்கிவிடலாம். ஈரமுள்ள மண்ணில் அப்போது அவை வேரோடு வரும். ஓராண்டு விட்டால் கத்தியால் வெட்டினும் பயனில்லை. அடியிலிருந்து பல கிளைகளாகத் தளிர்க்கும். அத்தகைய செடியை அலவாங்கால் நிலமட்டத்திற்குக் கீழே ஓரடி ஆழம்வரை தோண்டி, அரும்புகள் உள்ள அடிக்கட்டையோடு அகற்றி, காய் இருப்பின் அவ்விடத்திலேயே எரித்துவிடல் வேண்டும்.